மாதிரிக்கு ஒரு பல்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். டவுனுக்குப் போய் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் கடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இது நடந்தது எழுபதுகளின் கடைசியில். அடி அண்ணாமலையில் எனக்குச் சின்னதாக ஒரு பூஜைச் சாமான் கடை. கற்பூரம், ஊதுவத்தி, தேங்காய், அகல். பௌர்ணமியன்று கொஞ்சம் வியாபாரம் நடக்கும். மற்ற நாட்களில் நானும் ஈக்களும்தான்.

என் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

அப்போது எனக்கு மிச்சமிருந்தவை பதினேழு பற்கள். கேட்பதற்கு நிறைய மாதிரிதான் இருக்கும். ஆனால் மேலே இருக்கிற இடத்தில் கீழே இருக்காது. கீழே இருக்கிற இடத்தில் மேலே இருக்காது. மேலும் கீழும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்கிற கடைவாய்ப் பற்கள் ஒரே ஒரு ஜோடிதான். வலது பக்கம்.

நான் மெல்வது எல்லாமே அந்த ஒரு ஜோடியில்தான். முறுக்கா, அங்கே. முருங்கைக்காயா, அங்கே. எல்லாவற்றுக்கும் மேலாக வறுத்த வேர்க்கடலை! ராத்திரி கடையைச் சாத்திவிட்டு ஒரு பிடி கடலையை மென்றால்தான் எனக்கு அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்கும். அதனால் அந்த ஜோடியை நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். சூடான காபி கூட அந்தப் பக்கம் போகாது.

வலி வந்தது இடது பக்கத்தில். அங்கே இருந்தது துணை இல்லாத ஒண்டிப் பல். கிராம்பு வைத்தாயிற்று, உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று. கன்னம் மட்டும் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக்கொண்டே போயிற்று. சரி, போனால் போகிறது, பிடுங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கே பிடுங்குவது?

பெரிய ஆஸ்பத்திரியில் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் அங்கே வரிசையில் நிற்க வைத்து, எல்லோருக்கும் நடுவில் வாயைத் திறக்கச் சொல்வார்கள். எனக்குப் பிறவியிலேயே கூச்சம். என் கல்யாணத்தில் தாலி கட்டும்போதே தலையை நிமிர்த்தவில்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பதா?

தேரடித் தெருவில் ஒரு பல் டாக்டர் புதிதாக வந்திருந்தார். ஒரு தடவை அந்தப் பக்கம் போகும்போது எதிர்ச் சாரியில் நின்று போர்டைப் பார்த்தேன். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. கீழ் வரியில் ‘பல் எடுக்க ரூ. 10’ என்று இருந்தது. என் கண் எப்போதுமே எண் இருக்கிற இடத்துக்குத்தான் போகும். மேல் வரியைப் படிக்காமலே நடையைக் கட்டிவிட்டேன்.

பத்து ரூபாய்! ஒரு பல்லுக்கு!

வீட்டுக்கு வந்து சரசாவிடம் சொன்னேன். சரசா என் மனைவி. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க போனா, அவரு பத்துன்னா பன்னண்டா குடுத்துட்டு வருவீங்க. பேரம் பேச வாய் வருமா உங்களுக்கு? என் தம்பிய வரச் சொல்றேன். அவன கூட்டிக்கினு போங்க."

அவள் தம்பி முனுசாமி கீழ்பென்னாத்தூரில் கடலை பயிரிடுகிறவன். அது வயிற்றுப் பிழைப்பு. அவனுக்கு உயிர் வேறு தொழிலில். கார்த்திகை தீபத்துக்கு நடக்கிற மாட்டுச் சந்தையில் அவன் தரகன். மாட்டின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து வயசைச் சொல்வான். துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தே விலையை முடிப்பான். நூறு குறை சொல்லி, ஐந்நூறு ரூபாய் மாட்டை முந்நூறுக்கு இறக்கிவிடுவான். விற்றவன் அழுதுகொண்டே அவனுக்கு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினான். கையில் ஒரு மஞ்சள் பை. பை நிறைய வறுத்த வேர்க்கடலை.

"உனக்குத்தான் மாமா. புதுக் கடலை. பல்ல புடுங்கினு வந்து நிதானமா மெல்லு."

கடலை வாசனை எனக்கு வலியையே மறக்கடித்துவிட்டது. திரும்பி வந்ததும் ஒரு பிடி என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

"எங்க, வாயத் தொற. பல்லு எப்டி கீதுன்னு பாத்துக்கினாத்தான் வெல பேச முடியும்."

திறந்தேன். மச்சினன்தானே, கூச்சமில்லை. அவன் இடது கையால் என் உதட்டைத் தூக்கினான். வலது கைக் கட்டைவிரலை உள்ளே விட்டு ஒண்டிப் பல்லை ஒரு ஆட்டு ஆட்டினான்.

அண்ணாமலையாரே!

எனக்கு மலை உச்சி தெரிந்தது. அதில் தீபமும் தெரிந்தது. கார்த்திகைக்கு இன்னும் மாசக் கணக்கு இருந்தது!

கத்தினால் சரசா சிரிப்பாள். அதனால் கத்தவில்லை. பேசாமல் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். அவன் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு வலது பக்கம் போய், என் ஜோடியில் மேல் பல்லின் மேல் உட்கார்ந்தது. அதைப் பிடித்து ஆட்டினான். வலிக்கவில்லை.

"இது ஆடவே இல்லியே மாமா?"

"ம்ம்," என்றேன்.

அது வேறு பல் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடி அந்தப் பக்கம் வருவான். எந்தப் பல் என்பதைத்தான் டாக்டர் பார்த்துக்கொள்வாரே! விலை பேசுவதற்கு எந்தப் பல்லாக இருந்தால் என்ன? கடலை மண்டியில் மூட்டையையா அவிழ்த்துக் கொட்டுகிறார்கள், ஒரு கை மாதிரிதானே காட்டுகிறார்கள்? இதுவும் மாதிரிக்கு ஒரு பல்.

இப்படி ஒரு யோசனை எனக்குத் தோன்றியது. வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட யோசனைகள் குறைவு. அதில் இது ஒன்று.

டவுன் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். டீக்கடையில் முனுசாமியின் கூட்டாளி ஒருவர் நின்றிருந்தார். அவரும் மாட்டுத் தரகர்தான். பெரிய மீசை.

"இன்னா முனுசாமி, இந்தப் பக்கம்?"

"மாமாவுக்குப் பல்லு புடுங்கணும். பத்து ரூபான்றானாம் டாக்டரு. ஜாஸ்தி இல்ல?"

"பல்லப் பொறுத்துக்கீது. ஆடற பல்லா, கெட்டிப் பல்லா?"

"நீயே பாரேன். மாமா, வாயத் தொற."

பஸ் ஸ்டாண்டில்! பட்டப்பகலில்! நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன். அதற்குள் மீசைக்காரர் உதட்டைத் தூக்கிவிட்டார். தொழில்காரக் கை, தடுக்க முடியவில்லை. முகத்தை மட்டும் சரியான பக்கம் திருப்பிக்கொண்டேன். மாதிரிப் பல்லை முதலில் அவர் ஆட்டினார். பிறகு முனுசாமி ஆட்டினான். பிறகு எதையோ உறுதி செய்துகொள்ள அவர் மறுபடி ஆட்டினார்.

"கெட்டியா கீதேப்பா."

"கெட்டின்னு சொன்னா வெல எறங்குமா? ஆடுதுன்னு சொல்லணும். ஆடற பல்லுன்னா அவருக்கு வேல கம்மி. வேல கம்மின்னா காசு கம்மி."

"அதுவும் சரிதான். கடை சேந்துட்ட வயசு வேற. பெரியவருக்கு இன்னும் நெறைய நாள் உழைக்கணும்னு இல்ல, அதையும் சொல்லு," என்றார் மீசைக்காரர்.

கடை சேர்ந்தது என்றால் பல் எல்லாம் முளைத்து முடிந்த கிழட்டு மாடு. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். டீயை ஊதிக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். காசு நான்தான் கொடுத்தேன். மூன்று டீ.

டாக்டர் வீட்டு வாசலில் ஒரு கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். முனுசாமி அவரிடமே ஆரம்பித்துவிட்டான்.

"பத்து ரூபான்னு போட்டுக்கீறீங்களே, அது கெட்டிப் பல்லுக்குத்தானே?"

"எல்லாப் பல்லுக்கும்தாங்க."

"அதெப்படி? இந்தப் பல்லப் பாருங்க. சும்மா காத்தடிச்சா வுழுந்துடும்." ஆட்டினான். "பாத்தீங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க."

"கிட்ட வந்து பாருங்க." ஆட்டினான். "இப்ப?"

"ஏதோ லேசா..."

"ஆங்! லேசான்னு நீங்களே சொல்லிட்டீங்க!"

உள்ளே பெஞ்சில் நாலைந்து பேர். அதில் செங்கம் ரோட்டுப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தியும் இருந்தாள். வெள்ளைப் புடவை கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தாள். பக்கத்தில் கன்னத்தில் கை வைத்தபடி ஒரு பஸ் கண்டக்டர்.

முனுசாமிக்கு ஆள் கூட்டம் பார்த்தால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

"நீங்களே சொல்லுங்க சார். இந்தப் பல்லுக்குப் பத்து ரூபா நாயமா?" என்று கண்டக்டரைக் கேட்டான். ஆட்டினான்.

"அடடா, நல்லாத்தான் ஆடுது," என்றார் கண்டக்டர். "நான் அஞ்சு குடுப்பேன்."

"அஞ்சு! கேட்டியா மாமா, வெல விழுந்துடுச்சு!"

அந்த வெள்ளைக்கார அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனுசாமி அவளிடமும் போய் என் உதட்டைத் தூக்கிக் காட்டினான். கட்டைவிரலால் ஆட்டியும் காட்டினான். அவள் என்ன நினைத்தாளோ தெரியவில்லை. கண்களை மூடி, இரண்டு கையையும் குவித்து, பயபக்தியோடு என் வாயைக் கும்பிட்டாள்.

அன்றைய கூச்சத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி என்னிடம் இருக்கிறது.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். நாக்கால் மாதிரிப் பல்லைத் தடவிப் பார்த்தபோது, அது முன்பு நின்ற மாதிரி நிற்கவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் எப்படி? ‘நீ ஆட்டுவது வேறு பல்’ என்று அப்போது சொன்னால், காலையிலிருந்து நான் செய்தது என்ன என்று கேட்பானே!

எங்கள் முறை வந்தது.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். வேலூர்ப் பக்கத்துப் பேச்சு. "உக்காருங்க ஐயா," என்று மரியாதையாகச் சொன்னார். நான் அந்தச் சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். முனுசாமி தோளிலிருந்த துண்டை உதறினான்.

உதறி, டாக்டர் கை மேல் போட்டான். போட்டுவிட்டு, துண்டுக்குள் கையை விட்டு டாக்டரின் விரல்களைப் பிடித்துக்கொண்டான்!

"என்னங்க இது?" டாக்டர் கையை இழுத்தார். முனுசாமி விடவில்லை.

"பயப்படாதீங்க டாக்டர். வெல பேசறேன்."

"வாயால பேசுங்களேன்!"

"நாலு பேர் காதுல வுழக் கூடாதுங்க. உங்க யாவாரம்தான் கெடும்."

துண்டுக்குள் ஏதோ நடந்தது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் முனுசாமியே துண்டை எடுத்துவிட்டு வாயால் பேசினான்.

"ஆடற பல்லுங்க. அஞ்சு ரூபா."

"பத்துங்க. எல்லாருக்கும் ஒரே ரேட்டு."

"சரி, எனக்கு ஒரு சந்தேகம். எடுத்த பல்ல யாரு வெச்சிக்கறது?"

"நாங்கதான். குப்பையில போட்டுடுவோம்."

"அப்ப பொருள் உங்ககிட்ட வருது. அப்ப நீங்கதானே வாங்கறவரு? எங்க மாமா குடுக்கறவரு. வாங்கறவருதானே காசு குடுக்கணும்? நாங்க ஏன் குடுக்கணும்?"

டாக்டர் வாயைத் திறந்தார். அந்த அறையில் அப்போது இரண்டு பேர் வாயைத் திறந்துகொண்டு இருந்தோம்.

"அதோட, தரகு. குடுக்கறவருகிட்ட ஒண்ணு, வாங்கறவருகிட்ட ஒண்ணு. அது சந்த வழக்கம்."

டாக்டர் பெஞ்சில் காத்திருப்பவர்களைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு குடுங்க," என்றார். "தயவுசெஞ்சு ஏழு குடுங்க. தரகு மட்டும் கேக்காதீங்க."

"முடிஞ்சிது!" முனுசாமி டாக்டரின் கையில் ஓங்கித் தட்டினான்.

மூன்று ரூபாய் மிச்சம்! எனக்கே பெருமையாக இருந்தது. நான் தனியாக வந்திருந்தால் இந்நேரம் பத்தும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்தப் பல்லுங்க ஐயா வலிக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

நான் முனுசாமிக்குத் தெரியாமல் இடது பக்கம் காட்டினேன். அவர் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். விளக்கை இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன இடுக்கியை விட்டு எதையோ சட்டென்று இழுத்தார். சுருக்கென்றது. அவ்வளவுதான்.

இடுக்கி நுனியில் ஒரு ஈர்க்குச்சித் துண்டு!

"தொடப்பக் குச்சியால பல்லு குத்துவீங்களா ஐயா?"

குத்துவேன். கடையில் இருக்கிற துடைப்பத்திலிருந்து தினமும் ஒன்று உருவிக் குத்துவேன். அதற்குக் காசு இல்லையே!

"நுனி ஒடஞ்சி ஈறுக்குள்ள மாட்டிக்கிச்சு. அதான் வீக்கம். பல்லு நல்லாத்தான் இருக்கு, எடுக்க வேணாம். இப்ப வலி எப்படி?"

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். பாதி வலி அப்போதே போய்விட்டிருந்தது.

"எவ்ளோங்க குடுக்கணும்?" என்றேன் தயங்கித் தயங்கி.

"ஒண்ணும் வேணாங்க. பாக்கறதுக்குக் காசு இல்ல. போர்டுலயே மேல அதத்தானே எழுதியிருக்கோம்?"

படிக்காமல் விட்ட மேல் வரி அதுதான்!

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? பல்லும் இருக்கிறது, பணமும் இருக்கிறது, வீட்டில் கடலையும் இருக்கிறது! நாற்காலியிலிருந்து ஒரு காலை இறக்கினேன்.

"இரு மாமா," என்றான் முனுசாமி. அவன் முகம் வாடிப்போயிருந்தது. "பேசினது பேசினதுதான். கைய தட்டியாச்சு. தட்டின கைய மாத்தினா நாளைக்கி சந்தையில எனக்கு மரியாத இருக்குமா? டாக்டர், நீங்க பக்கம் மாத்திப் பாக்கறீங்க. ஆடற பல்லு அதில்ல. வலது பக்கம். மேல."

"ஆ! ஆ!" என்றேன். அதற்குள் கண்ணாடி மறுபடி என் வாய்க்குள் வந்துவிட்டது.

"மாமா சரின்றாரு," என்றான் முனுசாமி.

டாக்டர் விரலால் தொட்டார். பல் நர்த்தனம் ஆடியது.

"அட, ஆமா! இது வேரே வுட்டுப் போச்சே! ஈறு ஏற்கெனவே கம்மி. ஆனா இது தானா ஆடின மாதிரி தெரியலையே, யாரோ புடிச்சி நல்லா ஆட்டியிருக்காங்க."

முனுசாமி கூரையைப் பார்த்தான்.

"இத இப்பவே எடுத்துடணும் ஐயா. இல்லன்னா தூக்கத்துல முழுங்கிடுவீங்க."

வேண்டாம், அது என் ஜோடி, அது என் முறுக்கு, அது என் வேர்க்கடலை என்று என்னென்னவோ சொன்னேன். வெளியில் வந்ததெல்லாம் "ஆ" என்றுதான். ஊசி போட்டார். அரை நிமிஷம் கூட ஆகவில்லை. புளியம்பழத்தை உலுக்கின மாதிரி கையோடு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? சொன்னேன் இல்ல, வேல கம்மின்னு!" என்றான் முனுசாமி டாக்டரிடம்.

ஏழு ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். வெளியே வந்ததும் முனுசாமி தலையைச் சொறிந்துகொண்டு, "தரகு ஒரு ரூபா மாமா. சொந்தம்தான், இருந்தாலும் கையோட வாங்கினாத்தான் தொழிலுக்கு நல்லது," என்றான். அதையும் கொடுத்தேன். வாயில் பஞ்சு இருந்ததால் மறுக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் மறுபடி ஒரு கும்பிடு போட்டாள்.

வீட்டு வாசலிலேயே சரசா நின்றிருந்தாள்.

"எவ்ளோடா ஆச்சு?"

"பத்து ரூபா பல்ல ஏழு ரூபாய்க்கு முடிச்சேன்க்கா!"

"பாத்தீங்களா? என் தம்பி போனதாலதான்!" என்று என்னைப் பார்த்தாள். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். கடிக்க வேறு ஏதும் இல்லை. எனக்கு இப்போது பதினாறு பல். ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத பதினாறு.

சாயங்காலம் நடந்ததைச் சரசாவிடம் ஜாடையில் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். கடைசியில், "கடலைய உரல்ல போட்டு இடிச்சித் தரேன், சும்மா இருங்க," என்று சொன்னாள். கடலைப் பொடி! மெல்லாத கடலை என்ன கடலை?

எதிரே முனுசாமி காலை நீட்டி உட்கார்ந்து, எனக்கென்று கொண்டுவந்த பையில் கையை விட்டு, மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தான்.

"கவலைப்படாத மாமா. மாட்டுக்கு மேல் வரிசையில முன்பல்லே கெடயாது. அது புல்லு தின்னாமயா கீது?"

அவன் இன்னொரு பிடி எடுத்தான்.

"கட்டுப்பல்லு வெச்சிக்கோ. ரேட்டு ஜாஸ்திதான். ஆனா நான் வந்து பேசினா பாதியா கொறச்சிடுவேன். எப்ப போலாம், சொல்லு மாமா."

நான் சொல்லவில்லை. சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டியிருக்கும்.